விண்வெளி நிலையத்துக்கு யார் பெட்ரோல் போடுகிறார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வதேச விண்வெளி நிலையம் எங்கள் ஊருக்கு மேல் கடக்கும் நாளில், வானமும் தெளிவாக இருந்துவிட்டால், அக்கம்பக்கத்து ஆட்களை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டுவது என் வழக்கம். ஐந்தாறு நிமிடத்தில் அது வந்து போய்விடும். அப்புறம் அரை மணி நேரம் கேள்விகள் ஓடும். பல வருடமாகக் காட்டியதில் ஒன்று புரிந்தது: ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முக்கால்வாசிக் குழப்பம் பைக் பழக்கத்தால் வருகிறது. பைக்கில் வண்டியை ஓட்டுவதும் ஹெட்லைட்டை எரிய வைப்பதும் ஒரே பெட்ரோல். விண்வெளி நிலையத்தில் ஓட்டம் ஒரு கணக்கு, கரண்ட் வேறு கணக்கு. இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடங்கள் மிகக் குறைவு. அந்த இடங்கள் வரும்போது சொல்கிறேன்.

இது எவ்வளவு உயரத்தில், என்ன வேகத்தில் போகிறது?

உயரம் 400 முதல் 420 கி.மீ. வரை. சென்னைக்கும் மதுரைக்கும் நேர்கோட்டுத் தூரம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அதையே செங்குத்தாக நிமிர்த்தி வைத்த மாதிரி. வேகம் நொடிக்கு 7.66 கி.மீ., அதாவது மணிக்கு சுமார் 27,600 கி.மீ. பூமியை ஒருமுறை சுற்ற 92, 93 நிமிடம் ஆகும். ஒரு நாளைக்குப் பதினைந்தரைச் சுற்று. கன்னியாகுமரிக்கும் சென்னைக்கும் இடையே உள்ள தூரத்தை ஒன்றரை நிமிடத்தில் கடந்துவிடும்.

மொத்த எடை சுமார் 420 டன். இத்தனையையும் ஒரேயடியாக ஏற்றவில்லை. 1998 நவம்பர் 20 அன்று பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து போன சார்யா என்ற பாகம்தான் முதல். அதன்பின் துண்டு துண்டாகக் கொண்டுபோய் மேலேயே கோத்தார்கள். 2000 நவம்பர் 2 முதல் அங்கே ஆள் இல்லாத நாளே இல்லை.

அவ்வளவு வேகத்துக்கு என்ஜின் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமே?

வேண்டாம். வருடத்தின் மிகப் பெரும்பாலான நேரம் எந்த என்ஜினும் அதைத் தள்ளுவதில்லை. ஒவ்வொரு பாகமும் மேலே போனபோதே ராக்கெட் இந்த வேகத்தைக் கொடுத்துவிட்டது. அதே வேகம்தான் இன்றும் ஓடுகிறது.

சைக்கிளை மிதிப்பதை நிறுத்தினால் நின்றுவிடுகிறதே என்று உடனே கேட்பார்கள். அது சைக்கிளின் குணம் இல்லை. எதிர்க்காற்றும் டயரின் உரசலும் சேர்ந்து நிறுத்துகின்றன. அவை இரண்டும் இல்லாவிட்டால் ஒருமுறை மிதித்தது ஆயுளுக்கும் ஓடும்.

சரி, தள்ள ஆள் இல்லை. பின்னே ஏன் கீழே விழாமல் இருக்கிறது?

விழுந்துகொண்டுதான் இருக்கிறது. தரைக்கு மட்டும் வந்து சேருவதில்லை. ஒரு நொடியை மட்டும் எடுத்துப் பார்ப்போம். அந்த ஒரு நொடியில் நிலையம் பூமியை நோக்கி சுமார் 4.3 மீட்டர் விழுகிறது. அதே நொடியில் பக்கவாட்டில் 7.66 கி.மீ. போய்விடுகிறது. பூமி உருண்டை அல்லவா? அவ்வளவு தூரம் நேராகப் போனால், கீழே உள்ள தரையும் வளைந்து அதே 4.3 மீட்டர் தாழ்ந்துவிடுகிறது. எவ்வளவு விழுந்ததோ அவ்வளவு தரையும் விலகிப் போவதால் இடைவெளி அப்படியே இருக்கிறது. அடுத்த நொடியும் இதே கதைதான்.

மாடியிலிருந்து கல்லை எறிவதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக எறிந்தால் வாசலில் விழும். வேகமாக எறிந்தால் அடுத்த தெருவில் விழும். பூமியின் வளைவைத் தாண்டி விழும் அளவுக்கு எறிய முடிந்தால், அது சுற்றி வந்து உங்கள் முதுகிலேயே படும். நியூட்டன் பீரங்கியை வைத்து யோசித்துப் பார்த்தது இதைத்தான்.

அங்கே ஈர்ப்பு விசை இல்லை, அதனால்தானே எல்லோரும் மிதக்கிறார்கள்?

பள்ளிப் பாடத்தில் பதிந்துபோன தப்பு இது. 400 கி.மீ. உயரத்தில் தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீத ஈர்ப்பு அப்படியே இருக்கிறது. 60 கிலோ ஆளை அந்த உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி நிறுத்தி வைத்தால், தராசு 53 கிலோ காட்டும். மிதக்க மாட்டார்.

மிதப்பதற்குக் காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது. நிலையமும் விழுகிறது, உள்ளே இருப்பவரும் அதே வேகத்தில் விழுகிறார். காலுக்கு அடியில் தரை எதிர்த்து நிற்பதில்லை என்பதால் எடை தெரியவில்லை. ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது வயிற்றில் ஒரு வெறுமை தோன்றுமே, அதை அவர்கள் மாதக்கணக்கில் அனுபவிக்கிறார்கள்.

காற்றே இல்லாத இடம். அப்படியானால் காலம் முழுக்கச் சுற்ற வேண்டியதுதானே? உயரம் குறைகிறது என்கிறார்களே?

காற்று இல்லாமல் இல்லை. மிக மிகக் கொஞ்சம் இருக்கிறது. வளிமண்டலம் ஓர் இடத்தில் கோடு போட்டாற்போல் முடிந்துவிடுவதில்லை, மேலே போகப்போக மெலிந்துகொண்டே போகிறது. நொடிக்கு 7.66 கி.மீ. வேகத்தில் மோதும்போது அந்த மெல்லிய காற்றும் பிரேக் போடும். சராசரியாக மாதத்துக்கு 2 கி.மீ. உயரம் போய்விடுகிறது. சூரியன் சீறும் வருடங்களில் மேல் வளிமண்டலம் சூடேறி உப்பும், அப்போது இறக்கமும் கூடும்.

இந்தக் கணக்கு தப்பிப்போன கதையும் உண்டு. 1973இல் அமெரிக்கா அனுப்பிய ஸ்கைலாப் நிலையம், சூரியனின் சீற்றம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்ததால் சீக்கிரமே இறங்கியது. அதை மேலே தள்ளிவிடப் போக வேண்டிய விண்வெளி ஓடம் (ஸ்பேஸ் ஷட்டில்) உரிய நேரத்தில் தயாராகவில்லை. 1979 ஜூலை 11 அன்று உடைந்து, பல துண்டுகள் ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் ஊர்ப் பக்கம் விழுந்தன. நம் நாட்டிலும் அந்த நாட்களில் தலையில் விழுந்துவிடுமோ என்று பெரிய கிலி. அறுபதைத் தாண்டியவர்களிடம் "ஸ்கைலாப்" என்று சொல்லிப் பாருங்கள், கதை வரும்.

இறங்கியதைத் திரும்ப எப்படி ஏற்றுகிறார்கள்? பெட்ரோல் யார் போடுகிறார்கள்?

இதற்குத்தான் என்ஜின். நிலையத்தின் வால் பக்கத்தில் ஸ்வெஸ்தா என்ற ரஷ்யப் பாகம் இருக்கிறது, அதிலேயே என்ஜின்கள் உண்டு. ஆனால் பெரும்பாலும் அந்த வாலில் வந்து ஒட்டிக்கொள்ளும் புரோகிரஸ் சரக்குக் கப்பல்தான் தள்ளிவிடுகிறது. சாப்பாடு, தண்ணீரோடு எரிபொருளையும் அதுவே சுமந்து வருகிறது. குழாய் வழியாக நிலையத்தின் தொட்டிகளையும் நிரப்பும். ஆகவே தலைப்புக் கேள்விக்குப் பதில்: முக்கியமாக ரஷ்யா. அண்மைக் காலத்தில் அமெரிக்காவின் சிக்னஸ் கப்பலும், 2024 நவம்பரில் டிராகனும் இந்தத் தள்ளும் வேலையைச் செய்து காட்டின.

எரிபொருள் பெட்ரோல் இல்லை. ஹைட்ரசீன் வகைத் திரவம் ஒன்று, நைட்ரஜன் டெட்ராக்சைடு இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும், தீப்பொறி தேவையில்லை. நிலையத்தின் வேகத்தை நொடிக்கு ஒரு மீட்டர் கூட்டினால் போதும், சுற்றுப்பாதை சராசரியாக ஒன்றே முக்கால் கி.மீ. உயர்ந்துவிடும். நடந்துபோகும் வேகம்கூட இல்லை அது.

தள்ளும் அந்தச் சில நிமிடங்களில் உள்ளே நடப்பது பார்க்க அழகு. காற்றில் விட்ட பேனா தானாகவே மெல்லப் பின்சுவரை நோக்கி நகரும். உண்மையில் பேனா சும்மாதான் இருக்கிறது, நிலையம்தான் அதைவிட்டு முன்னே போகிறது. பஸ் கிளம்பும்போது கம்பியைப் பிடிக்காதவர் பின்னால் சாய்கிறாரே, அதே சங்கதி. ஆனால் இங்கே தள்ளு அவ்வளவு மெல்லியது.

இன்னும் கொஞ்சம் உயரத்தில் வைத்தால் எரிபொருள் மிச்சம்தானே?

மிச்சம்தான், செய்தும் இருக்கிறார்கள். விண்வெளி ஓடங்கள் கனமான பாகங்களைச் சுமந்து வந்த காலத்தில் நிலையத்தை 350 கி.மீ. வாக்கில் வைத்திருந்தார்கள். உயரம் கூடினால் ஓடம் சுமக்கும் எடை குறையும் என்பது காரணம். 2011இல் ஓடங்கள் ஓய்வுபெறும் நேரத்தில் நிலையத்தை 400 கி.மீ.க்கு ஏற்றினார்கள். வருடத்துக்கு எட்டரை டன் வாக்கில் இருந்த எரிபொருள் தேவை, மூன்றரை டன் வாக்கில் வந்துவிடும் என்று நாசா அப்போது கணக்குச் சொன்னது. ஐம்பதே கி.மீ. வித்தியாசத்துக்கு இவ்வளவு!

காற்று உரசினால் நிலையத்தின் வேகம் கூடுகிறது என்று ஒருவர் சொன்னார். கதை விடுகிறாரா?

இல்லை. நானும் முதலில் கேட்டபோது நம்பவில்லை. 400 கி.மீ. உயரத்தில் சுற்றத் தேவையான வேகம் நொடிக்கு 7.67 கி.மீ. 350 கி.மீ. உயரத்திலோ 7.70. கீழே வரவர ஈர்ப்பு கூடுகிறது, விழாமல் சுற்றுவதற்கு வேகமும் கூட வேண்டியிருக்கிறது. காற்று பிரேக் போட்டதால் நிலையம் இறங்குகிறது. இறங்கும்போது, சரிவில் உருளும் வண்டி மாதிரி வேகம் பிடிக்கிறது. இறக்கத்தில் கிடைக்கும் ஆற்றலில் பாதி வேகமாக மாறுகிறது, மீதிப் பாதி உரசலில் வெப்பமாகப் போகிறது. பிரேக் தின்றதைவிட இறக்கம் கொடுத்தது அதிகம்.

இதன் மறுபக்கம் இன்னும் வேடிக்கை. மேலே ஒரு பதிலில் முன்னோக்கித் தள்ளி மேலே ஏற்றுகிறோம் என்றேனே, அப்படி ஏறிய பிறகு நிலையம் முன்பைவிட மெதுவாகத்தான் சுற்றும். பின்னால் வரும் கப்பல் நிலையத்தை எட்டிப் பிடிக்க வேண்டுமென்றால், அதைவிடத் தாழ்வான பாதையில் கொஞ்ச நேரம் சுற்றுகிறது. சாலையில் ஓவர்டேக் செய்யும் புத்தியை அங்கே கொண்டுபோனால் நடக்காது.

அவ்வளவு பெரிய சோலார் பேனல் இருக்கிறதே, அந்தக் கரண்டிலேயே ஓட்டிவிடலாமே?

பைக் பழக்கம் மறுபடி எட்டிப் பார்க்கிறது. மோட்டார் சுற்றினால் சக்கரம் சாலையைப் பின்னால் தள்ளும், வண்டி முன்னே போகும். மின்விசிறியானால் காற்றைத் தள்ளும். அங்கே தள்ளுவதற்குச் சாலையும் இல்லை, காற்றும் இல்லை. எதையாவது கையிலிருந்து பின்னால் எறிந்தால்தான் முன்னே போக முடியும். ராக்கெட் என்ஜின் எறிவது எரிந்த வாயுவை.

கரண்டை வைத்து எறியவும் வழி இருக்கிறது. வாயுவை மின்னூட்டம் ஏற்றி, மின்சாரத்தாலேயே அசுர வேகத்தில் வெளியே தள்ளலாம். சீனாவின் தியான்கோங் நிலையத்தில், 2021 ஏப்ரலில் போன தியான்ஹே பாகத்தில், இப்படிப்பட்ட நான்கு மின் உந்திகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தள்ளும் பலம் உள்ளங்கையில் வைத்த ஒன்றிரண்டு தாள்களின் எடைதான். அதுவே மணிக்கணக்கில் தள்ளினால் காற்றின் இழுவையைச் சமாளிக்க உதவும், எரிபொருளும் மிச்சமாகும். சர்வதேச நிலையம் இதைவிட மிகக் கனம், அதன் வடிவமைப்பும் பழையது. அங்கே உயரம் ஏற்றும் வேலை முழுக்க ரசாயன எரிபொருளில்தான் நடக்கிறது.

பேனலிலிருந்து எவ்வளவு கரண்ட் வருகிறது?

பழைய பேனல்கள் எட்டு இறக்கைகளாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 35 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். ஒரு இறக்கையில் 32,800 செல்கள் வீதம் மொத்தம் 2,62,400 செல்கள். இவற்றிலிருந்து நிலையத்தின் பயன்பாட்டுக்குக் கிடைப்பது 84 முதல் 120 கிலோவாட். நம் ஊர் வீட்டு மாடியில் 3 கிலோவாட் பேனல் போடுகிறார்களே, அப்படி முப்பது நாற்பது வீட்டுக் கணக்கு.

கதிர்வீச்சிலும் சூடு குளிர் மாறிமாறித் தாக்குவதிலும் செல்கள் வருடத்துக்கு வருடம் தளர்ந்துபோகும். அதனால் 2021 ஜூன் முதல் 2023 ஜூன் வரை ஆறு புதிய பேனல்களைப் பழையவற்றின் முன்னால் சாய்வாகப் பொருத்தினார்கள். பாயைப் போலச் சுருட்டி எடுத்துப் போய், அங்கே விரித்துவிட்டார்கள். மோட்டார்கூட இல்லை, சுருட்டி வைத்த கம்பின் விறைப்பிலேயே விரிந்துகொள்ளும். அளவில் சின்னவை என்றாலும் ஒவ்வொன்றும் 20 கிலோவாட் தரும்.

ராத்திரியில் என்ன செய்வார்கள்?

அவர்களுக்கு ராத்திரி என்பது 35 நிமிடம்தான். ஆனால் நாளைக்குப் பதினைந்து பதினாறு தடவை வரும். ஒவ்வொரு சுற்றிலும் பூமியின் நிழலுக்குள் போகும்போது பேட்டரி கை கொடுக்கும். வெயிலில் இருக்கும்போது வரும் கரண்டில் பெரும்பங்கு அந்தப் பேட்டரிகளைத் திரும்ப நிரப்பத்தான் போகிறது. நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி எப்போதாவது கரண்ட் போனால் வேலை செய்கிறது. அங்கே வருடத்துக்கு 5,600 தடவைக்கு மேல் இறங்கி ஏறுகிறது. முதலில் 48 நிக்கல்-ஹைட்ரஜன் பேட்டரிகள் இருந்தன. 2017 முதல் 2021 வரை அவற்றை எடுத்துவிட்டு 24 லித்தியம் பேட்டரிகள் வைத்தார்கள்.

மாடியில் நிற்பவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாயங்காலம் கடக்கும்போது பல நாட்கள் அது அடிவானம் வரை போகாது. நடு வானத்திலேயே சற்றுச் சிவந்து, மங்கி, இரண்டு மூன்று எண்ணுவதற்குள் மறைந்துவிடும். "எங்கே போச்சு?" என்று எல்லோரும் மேகத்தைத் தேடுவார்கள். மேகம் இல்லை, அது பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது. அங்கே பேட்டரி வேலையை எடுத்துக்கொள்ளும் நேரமும் அதுதான். வருடத்தில் சில நாட்கள் சூரியன் சுற்றுப்பாதைக்குப் பக்கவாட்டில் நின்றுவிடும். அப்போது நிழலே விழாது, நாள் முழுக்க வெயில்தான்.

நம் வீட்டு செல்போன் சார்ஜரை அங்கே செருகினால் வேலை செய்யுமா?

நேராகச் செருகினால் ஆகாது. பேனலிலிருந்து வருவது 160 வோல்ட் அளவில் டி.சி. மின்சாரம். அதைக் குறைத்து அமெரிக்கப் பக்கத்தில் 124 வோல்ட்டாகக் கொடுக்கிறார்கள். ரஷ்யப் பக்கம் 28 வோல்ட். இரு பக்கமும் கரண்டைக் கொடுத்து வாங்க நடுவில் மாற்றிகள் உண்டு. ஏ.சி. மின்சாரம் தேவைப்படும் சாதனங்களுக்குத் தனி இன்வெர்ட்டர். எந்தச் சாதனத்தையும் மேலே அனுப்புமுன் ஆயிரம் சோதனை நடக்கும் என்பதால், சார்ஜரைப் பையில் போட்டுக்கொண்டு போகும் பேச்சே இல்லை.

பேனல் சூரியனைப் பார்த்துச் சுற்றிக்கொண்டே இருக்குமாமே, வயர் முறுக்கிக்கொள்ளாதா?

எலக்ட்ரீஷியன் ஒருவர் கேட்டது. இத்தனை வருடத்தில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான். நிலையம் எப்போதும் ஒரே பக்கத்தைப் பூமிக்குக் காட்டியபடி போகிறது, அதற்காக நிமிடத்துக்கு 4 டிகிரி வீதம் தன்னைத்தானே திருப்பிக்கொள்கிறது. பேனல் சூரியனைப் பார்த்தபடி இருக்க, எதிர்ப்பக்கமாக அதே வேகத்தில் சுற்ற வேண்டும். 92 நிமிடத்துக்கு ஒரு முழுச் சுற்று, ஓய்வே கிடையாது. வயரை அப்படியே விட்டால் ஒரே நாளில் கயிறு திரித்த மாதிரி ஆகிவிடும். அதனால் இரு பக்கமும் மூன்று மீட்டருக்கு மேல் அகலமான சுழல் மூட்டு வைத்திருக்கிறார்கள். அதன் நடுவில் ஒரு வளையம் நிலையாக இருக்கும், இன்னொன்று சுற்றும். இடையே உருளும் வளையங்கள் கரண்டைக் கடத்திவிடும்.

2007இல் வலப்பக்க மூட்டு அதிர ஆரம்பித்தது, கரண்டும் கூடுதலாக இழுத்தது. அக்டோபரில் ஒருவர் வெளியே போய் மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே இரும்புத் தூள் அப்பிக் கிடக்கிறது. உயவு போதாமல் வளையம் தேய்ந்துவிட்டது. மறு வருடம் நவம்பரில் சுத்தம் செய்து கிரீஸ் தடவப் போனார்கள். நடுவில் கிரீஸ் துப்பாக்கி ஒன்று பைக்குள் கசிந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே கருவிப் பை கைநழுவி மிதந்து போய்விட்டது. கிரீஸ் தடவிய பிறகு மூட்டு ஒழுங்காகச் சுற்ற ஆரம்பித்தது. பை தனியாகப் பூமியைச் சுற்றியது. அதைத் தள்ளிவிட என்ஜின் இல்லையே, ஒன்பது மாதம் ஆவதற்குள் காற்று அதை இறக்கிவிட்டது. 2009 ஆகஸ்டில் எரிந்து போனது. உயரம் குறைவதைப் பற்றி மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அதற்கு எர்த்து எங்கே கொடுப்பார்கள்?

இதையும் அதே எலக்ட்ரீஷியன்தான் கேட்டார். பதில் தெரியாமல் அன்று மழுப்பினேன், பிறகு தேடிப் படித்தேன். நிலையம் போகும் இடத்தில் மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைய மிதக்கின்றன. 160 வோல்ட் பேனல்கள் அவற்றிலிருந்து எலெக்ட்ரான்களை உறிஞ்சும். அப்படியே விட்டால் நிலையத்தின் உடம்பு சுற்றுப்புறத்தைவிட நூறு வோல்ட்டுக்கு மேல் எதிர்மின் பக்கம் போய், மேல்பூச்சில் பொறி தெறிக்கக்கூடும். வெளியே வேலை செய்பவருக்கும் ஆபத்து.

மண்ணில் கம்பி அடிக்க வழியில்லாததால், சுற்றியுள்ள அந்தத் துகள் மண்டலத்தையே மண்ணாக வைத்துக்கொண்டார்கள். செனான் வாயுவை மின்னூட்டம் பெற வைத்து, அதன் வழியே மிச்ச எலெக்ட்ரான்களை வெளியே வழியவிடும் கருவிகள் இரண்டு நிலையத்தில் இருக்கின்றன. நிலையத்தின் எர்த்து என்றால் அதுதான்.

பேனல் அவ்வளவு பெரியதாக இருந்தால் காற்றைப் பிடித்து இழுக்காதா?

இழுக்கும். ஓட்டமும் கரண்டும் தொட்டுக்கொள்ளும் முதல் இடம் இது. விளக்கு எரிய வைக்கும் அதே இறக்கைதான், பாய்மரம் மாதிரி காற்றை வாங்கி நிலையத்தைக் கீழே இழுக்கவும் செய்கிறது. அதனால் நிழலில், எப்படியும் கரண்ட் வராத அந்த 35 நிமிடத்தில், பேனல்களைக் கத்தி மாதிரி விளிம்பு காட்டித் திருப்பி வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. 'இரவு மிதவை' என்று பொருள்படும் பெயர் அதற்கு. எரிபொருளில் கணிசமான மிச்சம்.

நிலையத்தைத் திருப்புவதற்கும் என்ஜின்தானா?

இரண்டாவது தொடும் இடம் இது, இங்கே கரண்ட் ஜெயிக்கிறது. நிலையத்தின் நடுவில் நான்கு சுழல் சக்கரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 98 கிலோ, நிமிடத்துக்கு 6,600 சுற்று. ஓடும் சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி அச்சைக் கையில் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள், அது உங்கள் கையையே திருப்பப் பார்க்கும். அந்தத் திமிறலைப் பயன்படுத்தி 420 டன்னையும் ஒரு துளி எரிபொருள் இல்லாமல் திருப்புகிறார்கள்.

ஆனால் ஓர் எல்லை உண்டு. காற்றின் இழுவை ஒரே பக்கமாகத் தொடர்ந்து வந்தால், சக்கரங்கள் சாயக்கூடிய அளவு முழுக்கச் சாய்ந்துவிடும். அப்போது சிறு உந்திகளைச் சுட்டு அவற்றை விடுவிக்க வேண்டும். எதிர்பாராத வேகத்தில் திருப்பம் வந்தாலும் சக்கரங்களால் ஆகாது. 2021 ஜூலை 29 அன்று நவுகா என்ற ரஷ்யப் பாகம் வந்து இணைந்த சில மணி நேரத்தில், அதன் உந்திகள் தாமாகவே சுட ஆரம்பித்தன. மற்ற உந்திகள் எதிர்த்துத் தள்ளியும் நிலையம் ஒன்றரைச் சுற்று சுற்றிவிட்டது. நவுகாவின் எரிபொருள் தீர்ந்த பிறகுதான் நின்றது. சுற்றியது மெதுவாகத்தான் என்பதால் உள்ளே இருந்தவர்களுக்கு அசைவு பெரிதாகத் தெரியவில்லை.

இவ்வளவு கரண்ட் உள்ளே ஓடினால் சூடு எங்கே போகும்? வெளியே குளிர்தானே, ஜன்னலைத் திறந்தாற்போல் போய்விடாதா?

வெற்றிடம் பிளாஸ்க் மாதிரி, சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். உள்ளே தண்ணீர் குழாயில் ஓடி சூட்டை வாங்குகிறது, வெளியே அம்மோனியா அதை வாங்கிப் பெரிய வெள்ளைத் தகடுகளுக்குக் கொண்டு போகிறது. அவை அதைக் கதிர்வீச்சாக வானத்தில் உதிர்க்கின்றன. படங்களில் பேனலுக்குச் செங்குத்தாக, மடித்து விரித்த மாதிரி தெரியும் வெள்ளைப் பலகைகள் இவைதான். பலர் அவற்றையும் சோலார் என்றே நினைக்கிறார்கள்.

எதிரே குப்பை வந்தால் ஒதுங்கிக்கொள்ள முடியுமா?

முடியும். முன்கூட்டித் தெரிந்தால் புரோகிரஸ் சில நிமிடம் தள்ளிவிடும். இதுவரை முப்பது தடவைக்கு மேல் ஒதுங்கியிருக்கிறார்கள். ஒதுங்குவதும் பெரும்பாலும் உயரம் ஏறுவதாகவே அமைவதால், அந்த எரிபொருள் வீண் போவதில்லை.

கடைசியில் இதை என்ன செய்வார்கள்? கடலில் போடுவதைவிட இன்னும் மேலே தள்ளிவிட்டு, நினைவுச் சின்னமாக வைத்துவிடலாமே?

எனக்கும் அந்த ஆசை உண்டு. கணக்கு ஒத்துவரவில்லை. ஒரு நூறு வருடம் தானாகத் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் 640 கி.மீ.க்கு மேல் ஏற்ற வேண்டும். அதற்கு ஏறக்குறைய 20 டன் எரிபொருள் வேண்டும், ஒரு புரோகிரஸ் கொண்டு வருவதைப்போலப் பல மடங்கு. ஏற ஏறக் குப்பையும் கூடும். ஆள் இல்லாத 420 டன் உருவத்தில் ஏதாவது மோதி உடைந்தால், அந்தத் துண்டுகள் இறங்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அங்கே அவற்றைச் சீக்கிரம் இறக்கிவிடக் காற்று போதாது.

சும்மா விட்டால் தானாக விழும், ஆனால் எங்கே என்று சொல்ல முடியாது. சின்ன விஷயத்திலேயே இதைப் பார்த்துவிட்டார்கள். முன்பு சொன்ன பழைய நிக்கல் பேட்டரிகளை 2021 மார்ச்சில் ஒரு தட்டோடு கழற்றிவிட்டார்கள். எரிந்துபோகும் என்று நினைத்தது, 2024 மார்ச் 8 அன்று இறங்கியபோது, 700 கிராம் உலோகத் துண்டு ஒன்று தப்பி வந்து ஃபுளோரிடாவில் ஒரு வீட்டுக் கூரையைத் துளைத்தது.

அதனால் கடைசியிலும் ஒரு தள்ளுதான், இந்த முறை எதிர்ப்பக்கமாக. முதலில் காற்றே தன் போக்கில் நிலையத்தை இறக்கட்டும் என்று விட்டுவிட்டு, இறுதிப் பிரேக்கை மட்டும் தனிக் கப்பல் ஒன்று போடும். அந்தக் கப்பலைச் செய்ய 2024 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தை நாசா தேர்ந்தெடுத்தது. 2030க்குப் பிறகு, தென் பசிபிக்கில் எந்தக் கரைக்கும் மிகத் தொலைவான பகுதியில் இறக்குவதாகத் திட்டம். ரஷ்யாவின் மிர் நிலையத்தை 2001 மார்ச் 23 அன்று இறக்கியதும் தென் பசிபிக்கில்தான்.